காடு, மலை, கழிமுகம்: தனிமை நாடிச் செல்லும் வடசென்னைவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தண்டையார்ப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரங்களில் வசிப்பவர்களை மலைக்கும் கழிமுகத்துக்கும் அழைத்துச் செல்லும் வழக்கம் எங்கள் சிறு குழுவுக்கு உண்டு. புறப்படுவதற்கு முன்பும், சில சமயம் திரும்பி வந்த பிறகும், அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் அவற்றுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இவை என் சொந்தக் கருத்துகள். குழுவில் உள்ள எல்லோரும் இவற்றை முழுமையாக ஏற்பார்கள் என்று சொல்ல முடியாது.

ஆன்மிகத் தேடலாகக் காட்டுக்குச் செல்வதற்கும் சுற்றுலா செல்வதற்கும் என்ன வேறுபாடு?

நம் தெருக்களில் கார்த்திகை முதல் நாளன்று மாலை அணிந்துகொள்பவர்களைக் கவனித்தால் இதற்கு விடை கிடைத்துவிடும். சபரிமலைக்குச் செல்பவருக்குக் காடு கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன் 41 நாள் விரதம் இருக்கிறது: விடியற்காலைக் குளியல், எளிய உணவு, தரையில் படுக்கை, கடுஞ்சொல் தவிர்த்தல், எதிரில் வருபவர் யாராக இருந்தாலும் "சாமி" என்று அழைத்தல். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவரும் அவருக்குச் சம்பளம் போடும் அலுவலரும் அந்த நாட்களில் ஒருவருக்கொருவர் சாமிதான். எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாகப் பம்பைக்கு நடக்கும் பெருவழிப் பாதையில் கால் வைக்கும்போது, அந்த மனிதர் ஏற்கெனவே தம் பழக்கங்களில் பாதியைக் கழற்றி வைத்துவிட்டவராக இருக்கிறார். அதே பாதையில் எந்த ஆயத்தமும் இல்லாமல் நடப்பவருக்கு மூச்சு வாங்குவதும் கால் வலிப்பதும்தான் முதன்மையான அனுபவமாக இருக்கும்.

ஆகவே, போகும் முன் ஒரு நியமம், போன இடத்தில் ஓர் அடக்கம், திரும்பிய பின் ஒரு தொடர்ச்சி என்ற மூன்றும் இருந்தால் அதை ஆன்மிகப் பயணம் என்று சொல்லலாம் என்பது என் எண்ணம். இவை இல்லாவிட்டால் அது சுற்றுலா. சுற்றுலாவிலும் தவறு ஒன்றும் இல்லை, பெயரை மட்டும் மாற்றிச் சொல்ல வேண்டாம்.

வீட்டிலேயே தியானம் செய்யலாமே, எதற்காக வெளியே போக வேண்டும்?

செய்யலாம். வள்ளலார் இராமலிங்க அடிகள் இளமையில் ஏழுகிணறு வீராசாமித் தெருவில் இருந்த வீட்டில், ஓர் அறையில் கண்ணாடியை நிறுத்தி அதன் முன் அமர்ந்து வழிபட்டார் என்பதை அவர் வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். ஆனால் அதே வள்ளலார் அந்த அறையோடு நின்றுவிடாமல் கந்தகோட்டத்துக்கும் திருவொற்றியூருக்கும் சென்றுகொண்டே இருந்தார். பிற்காலத்தில் சென்னையையே விட்டுக் கருங்குழிக்கும் வடலூருக்கும் போனார்.

நம்மில் பெரும்பாலோருக்கு இந்தக் கேள்வி தத்துவக் கேள்வியாக இருப்பதைவிட இடக் கேள்வியாகவே இருக்கிறது. இரண்டு அறைகளில் ஐந்து பேர் வசிக்கும் வீட்டில், ஒரு பக்கம் தொலைக்காட்சியும் மறுபக்கம் குக்கர் விசிலும் ஒலித்துக்கொண்டிருக்கையில், கண்ணை மூடி அமர்வதற்கு ஒரு மூலை கிடைப்பதே அரிது. ஷிஃப்டு முடிந்து காலையில் வந்து படுப்பவர் இருக்கும் வீட்டில் அவருடைய தூக்கமும் மற்றவர்களின் பகலும் மோதிக்கொள்கின்றன. அத்தகையவர்களுக்கு மாதத்தில் சில மணி நேரம் வெளியே போய் அமர்வது ஆடம்பரம் ஆகாது.

வடசென்னையில் காடு எங்கே இருக்கிறது? எல்லாவற்றுக்கும் வெள்ளியங்கிரிக்கோ சதுரகிரிக்கோ போக வேண்டியிருக்கிறதே?

மரம் அடர்ந்த மலையை மட்டும்தான் ஆன்மிகத்துக்கு உரிய இடமாகக் கொள்ள வேண்டும் என்று நம் மரபு சொல்லவில்லை. தொல்காப்பியம் காட்டை மாயோனுக்கும் மலையைச் சேயோனுக்கும் உரியதாகச் சொல்லும் அதே மூச்சில், கடற்கரையின் பெருமணலை வருணனுக்கு உரியதாகச் சொல்கிறது. நாம் நெய்தல் நிலத்தவர்கள். நமக்கு அருகில் இருக்கும் மனிதக் கட்டுக்கு அடங்காத நிலம் கடலும் கழிமுகமும்தான்.

கொசஸ்தலையாறு கடலைச் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டி இன்னும் அலையாத்தி மரங்களும் சேற்றுத் திட்டுகளும் எஞ்சியிருக்கின்றன. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கிப் பேருந்து ஏறினால் பழவேற்காடு வந்துவிடும். சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து மார்ச் வரை அங்கே பூநாரைகள் கூட்டமாக நிற்கும். வீட்டுக்கு அருகிலேயே வேண்டுமென்றால் புழல் ஏரிப் பக்கம் விடியற்காலையில் நடக்கலாம்.

மலைதான் வேண்டும் என்பவர்களுக்குப் பூண்டி அருகே குடியம் குகைகள் இருக்கின்றன. பழைய கற்கால மனிதர்கள் புழங்கிய பகுதி அது. அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத அதிரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். குகைப் பாறையின் கீழே அமர்ந்து அந்த எண்ணை மனத்தில் நிறுத்திப் பார்க்கும்போது, அடுத்த மாதத் தவணை பற்றிய கவலை தன் உண்மையான அளவுக்குச் சுருங்குவதைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் குகையில் இன்றும் ஊர் மக்கள் வழிபடும் அம்மன் இருக்கிறாள் என்பதால் அங்கே செருப்போடும் கூச்சலோடும் நடமாடாமல் இருப்பது நல்லது.

தொலைவான மலைகளுக்குப் போகக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் அருகில் இருக்கும் இடத்தில் மூன்று மணி நேரம் அமைதியாக அமரத் தெரியாதவர் இரவெல்லாம் பயணம் செய்து வெள்ளியங்கிரியின் ஏழாவது மலை ஏறினாலும் அங்கே தம் கைப்பேசியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

எண்ணூர்க் கழிமுகம் சாம்பலாலும் எண்ணெயாலும் மாசுபட்டுக் கிடக்கிறது. அங்கே என்ன ஆன்மிகம் இருக்க முடியும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் எண்ணூரில் வசிப்பவர்களே. அவர்கள் சொல்வது உண்மை. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கடற்கரையெங்கும் எண்ணெய் ஒதுங்கியபோது வாளிகளைக் கொண்டு அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், படகுகளிலும் வலைகளிலும் அலையாத்தி வேர்களிலும் படிந்தது. அனல் மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாக ஆற்றின் ஆழத்தைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. நாம் அமரும் இடத்திலிருந்து தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு புகைபோக்கி தெரியும்.

அழகான இடத்தில் மட்டும்தான் மனம் உயரும் என்று எண்ணுபவர் தம் மனத்தைப் பற்றிக் குறைவாக மதிப்பிடுகிறார். வாடிய பயிரைக் கண்டு தாமும் வாடியதாகச் சொன்ன வள்ளலாரின் ஆன்மிகம், செழித்த வயலைக் கண்டு மகிழ்ந்ததிலிருந்து பிறந்தது அன்று. காயம்பட்ட ஆற்றின் கரையில், அதைச் சரிசெய்யும் வல்லமை இப்போது தன்னிடம் இல்லை என்பதை அறிந்தும் எழுந்து போகாமல் அமர்ந்திருப்பது கடினமான பயிற்சி. நோயாளியின் கட்டிலருகே அமரப் பழகியவர்களுக்கு அது ஓரளவு எளிதாக வருகிறது.

இருந்தாலும் அந்தத் தண்ணீரில் நீராடவோ, அதைத் தீர்த்தமாகத் தலையில் தெளித்துக்கொள்ளவோ வேண்டாம். அமர்ந்து எழுந்தபின் மாசு குறித்து நடக்கும் கிராமக் கூட்டத்துக்குப் போவதும், மனுவில் கையெழுத்திடுவதும் இந்தச் சாதனையின் பகுதியே என்று நான் கருதுகிறேன். ஆன்மிகத்தில் அரசியல் கலக்கக் கூடாது என்று எங்கள் குழுவிலேயே சிலர் சொல்வார்கள். ஆற்றங்கரையில் அமர்ந்துவிட்டு ஆற்றைப் பற்றிப் பேசக் கூடாது என்ற விதி எனக்குப் புரியவில்லை.

அங்கே போய் என்னதான் செய்ய வேண்டும்? எவ்வளவு நேரம்?

முதல் முறை செல்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: ஓதம், அதாவது கடல்நீர் ஏற்றம், வற்றத் தொடங்கும் நேரத்தில் கழிமுகத்துக்கு வந்து, மூன்று மணி நேரம் ஓரிடத்தில் இருங்கள். நம் கடற்கரையில் ஓதம் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆறு மணி நேரம் இருக்கும். மூன்று மணி நேரத்தில் அதில் பாதியைக் கண்ணாரக் காணலாம். நீர்மட்டம் மாறுவது ஒரு மீட்டர் அளவுக்குத்தான் என்றாலும் அதற்குள் நிலமே வேறாகிவிடும். தண்ணீராக இருந்த இடத்தில் சேறு எழும்பும். சேற்றில் துளைகள் தெரியும். சற்றும் அசையாமல் இருந்தால் அந்தத் துளைகளிலிருந்து சிறு நண்டுகள் வெளியே வந்து ஒற்றைப் பெரிய கொடுக்கை ஆட்டத் தொடங்கும். அசைந்தால் மறைந்துவிடும். நம் அடக்கத்தை அளக்க இதைவிட நேர்மையான ஆசிரியரை நான் கண்டதில்லை.

முதல் அரை மணி நேரம் மனம் கடன், மாமியார், மேலாளர் என்று பட்டியல் போட்டுக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்க முயல வேண்டாம். அதன் பிறகு சலிப்பு வரும். பெரும்பாலோர் எழுந்துவிடுவது இந்தக் கட்டத்தில்தான். சலிப்பைத் தாண்டி இருந்தவர்கள் கேட்கத் தொடங்குவதை வேறுபாடாகச் சொல்வார்கள்: தூரத்து லாரிகளின் இரைச்சலுக்கு அடியில் இருந்த காற்றும், கொக்கின் சிறகடிப்பும், சேறு உலரும்போது எழும் மெல்லிய சொடுக்கொலியும் தெரிய வரும். இறை நாமம் சொல்லும் பழக்கம் உள்ளவர்கள் மனத்துக்குள் சொல்லலாம். கைப்பேசியில் பாட்டைப் போட்டுக் கேட்க வேண்டாம். பக்திப் பாடலாகவே இருந்தாலும் வேண்டாம். குறிப்பேடு கொண்டு வருபவர்கள் எழுதுவதை வீட்டுக்குப் போன பிறகு வைத்துக்கொண்டால் நல்லது, ஏனெனில் எழுதத் தொடங்கியதும் நாம் அனுபவத்தை விட்டுவிட்டு அதை யாருக்குச் சொல்வது என்ற எண்ணத்துக்குத் தாவிவிடுகிறோம்.

இதில் பழகியவர்கள் பிறகு ஒரு பகல் முழுவதும், அதன் பிறகு அனுமதி உள்ள இடத்தில் ஓர் இரவு என்று நீட்டித்துக்கொள்ளலாம்.

தனியே அமர்ந்தால் பயம் வருகிறது. என்ன செய்வது?

புத்தர் ஞானம் பெறுவதற்கு முன் அச்சம் தரும் தோப்புகளைத் தேடிச் சென்று இரவில் தங்கியதாகப் பாலி நூல்கள் கூறுகின்றன. மான் நடந்தாலோ, மயில் ஒரு சுள்ளியை முறித்தாலோ, காற்றில் சருகு சலசலத்தாலோ, "இதோ வருகிறது அந்தப் பயம்" என்று அவருக்குத் தோன்றும். நடந்துகொண்டிருக்கும்போது பயம் வந்தால், அது தணியும் வரை அவர் நிற்கவோ உட்காரவோ படுக்கவோ மாட்டார், நடந்துகொண்டேதான் இருப்பார். அமர்ந்திருக்கும்போது வந்தால் அமர்ந்தபடியே அதை எதிர்கொள்வார். பயம் வந்தவுடன் தன் நிலையை மாற்றிக்கொள்ளாமல் இருப்பது என்ற இந்த முறை மிக எளியது, இருட்டில் கோவில் மண்டபத்தில் படுத்துக்கூட இதைப் பழகலாம்.

ஆனால் பயம் வேறு, ஆபத்து வேறு. யானை நடமாட்டம் உள்ள பாதையில் இரவில் இருப்பது துணிவுப் பயிற்சி ஆகாது.

போனேன், அமர்ந்தேன், ஒன்றும் தோன்றவில்லை. என்னிடம் ஏதாவது குறையா?

இல்லை. ஒன்றும் தோன்றாத நாட்களே பெரும்பான்மை. தோன்றியதாகச் சொல்பவர்களிடம்தான் நான் சற்றுக் கூடுதலாகக் கேள்வி கேட்பேன். மூச்சு வாங்க மலை ஏறி, பசித்த வயிற்றோடு குளிர் காற்றில் நின்றால் உடல் தானாகவே ஒரு பரவசத்தைத் தரும். அது பொய் இல்லை, ஆனால் அதையே அருள் என்று முடிவு கட்டிவிட்டால் அடுத்த முறையும் அதே பரவசத்தை எதிர்பார்த்துப் போவோம், கிடைக்காவிட்டால் இன்னும் உயரமான மலையைத் தேடுவோம். வார இறுதிதோறும் ஒரு மலை என்று எண்ணிக்கை வைத்திருப்பவர்கள் சிலரை நம் பகுதியிலேயே பார்க்கிறோம்.

வெறுமையாகக் கழிந்த ஒரு காலைப் பொழுதுக்குப் பின் வீட்டில் உங்கள் பேச்சின் குரல் சற்றேனும் தணிந்திருக்கிறதா என்று உங்கள் மனைவியிடமோ கணவரிடமோ கேளுங்கள். உங்களுக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சதுரகிரியிலும் பொதிகையிலும் சித்தர்களை நேரில் காணலாம் என்கிறார்களே?

சொல்பவர்கள் பலர். நான் கண்டதில்லை. கண்டதாகச் சொல்பவர்களைப் பொய்யர் என்று சொல்லும் உரிமையும் எனக்கு இல்லை. ஆனால் சித்தரைக் காட்டித் தருகிறேன், நள்ளிரவில் தனிப் பாதையில் அழைத்துச் செல்கிறேன், இந்த மூலிகையைத் தின்றால் ஒளி தெரியும் என்றெல்லாம் பணம் வாங்குபவர்களிடமிருந்து விலகியே இருங்கள். காட்டில் முன்பின் தெரியாத இலை எதையும் வாயில் வைக்க வேண்டாம்.

நமக்குக் கிட்டத்தில் இருக்கும் சித்தர் என்றால் பட்டினத்தார்தான். காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகராக இருந்து எல்லாவற்றையும் துறந்தவர் திருவொற்றியூர்க் கடற்கரையில் அடங்கினார். அவர் கதையின் இறுதிப் பகுதியைப் பலரும் கவனிப்பதில்லை. கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்களோடு சேர்ந்து விளையாடி, தம்மைக் கூடையால் மூடச் சொல்லி, அந்த விளையாட்டிலேயே இலிங்கமாகிவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அத்தனை பெரிய துறவி தம் கடைசி நாளில் நாடியது குகையை அன்று, கரையில் ஆடும் பிள்ளைகளைத்தான்.

நான் இஸ்லாமியர், அல்லது கிறிஸ்தவர். இதில் எனக்கு இடம் உண்டா?

உண்டு, உங்கள் மரபின்படியே உண்டு. நபிகள் நாயகம் மக்காவுக்கு வெளியே ஹிரா குகையில் தனித்திருந்து வழிபட்டதும், கொண்டுபோன உணவு தீர்ந்ததும் கதீஜா அம்மையாரிடம் திரும்பி வந்து மறுபடி உணவு எடுத்துச் சென்றதும் நீங்கள் அறிந்தவையே. முதல் வெளிப்பாடு வந்தபோது அவர் குகையில் தங்கிவிடவில்லை, நடுங்கியபடி வீட்டுக்கு வந்து போர்த்திவிடச் சொன்னார். இயேசு நாற்பது நாள் வனாந்தரத்தில் இருந்தார். அங்கே அவருக்கு முதலில் வந்தது ஆறுதல் அன்று, சோதனை. மலைக்காட்சியைப் பார்த்தவுடன் அமைதி வந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

புழலில் பழைய ஆதிநாதர் கோவில் இருப்பதால் சமணர்களையும் சொல்ல வேண்டும். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றத்தில் சந்திரநந்தி என்னும் துறவி 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் நீத்ததைப் பாறைக் கல்வெட்டு சொல்கிறது. தமிழ்நாட்டுக் குன்றுகளில் காணும் கற்படுக்கைகள் எல்லாம் இப்படித் தனித்திருந்தவர்களுடையவை. எங்கள் நடைகளில் தொழுகை நேரம் வந்தால் பாய் விரிக்க இடம் ஒதுக்குகிறோம். ஞாயிறு காலை ஆராதனைக்குப் போக வேண்டியவர்களுக்காகச் சில நடைகளைச் சனிக்கிழமை வைத்துக்கொள்கிறோம். அதைவிடப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை.

பெண்கள் இப்படிப் போவது முறையா? பாதுகாப்பா?

முறையா என்ற கேள்விக்குக் காரைக்கால் அம்மையாரைவிடச் சிறந்த விடை இல்லை. இல்வாழ்வை விட்டு, பேயுருவை வேண்டிப் பெற்று, திருவாலங்காட்டின் சுடுகாட்டையே தம் இடமாகக் கொண்டவர் அவர். அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க, அவர் மட்டும் அமர்ந்திருப்பார். அந்தத் திருவாலங்காடு திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் இடையே நம் மின்சார ரயில் நிற்கும் ஊர்தான்.

பாதுகாப்பு வேறு கேள்வி, அதற்கு அலங்காரமில்லாத விடைதான் தர முடியும். தனியாக வேண்டாம். மூன்று நான்கு பெண்களாகச் சென்று, ஒருவருக்கொருவர் கண்ணில் படும் தொலைவில் தனித்தனியே அமருங்கள். திரும்பும் நேரத்தை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இருட்டுவதற்குள் ரயில் நிலையத்துக்கு வந்துவிடுங்கள். சில மலைகளில் பெண்களின் வயது குறித்த வழக்கங்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி எனக்குக் கருத்து உண்டு என்றாலும், வேறு எத்தனையோ இடங்கள் திறந்திருக்கும்போது அந்த விவாதத்தை இங்கே கிளப்ப விரும்பவில்லை.

குடும்பத்தை விட்டுவிட்டு ஓடுகிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

சில சமயம் அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கட்டாமல், நோயுற்ற தந்தையைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு மலை ஏறுபவரின் தவத்தால் யாருக்கும் பயன் இல்லை. போகும் நாளின் வேலையை முந்தைய நாளே முடித்து வையுங்கள். நீங்கள் எடுத்துக்கொள்ளும் அதே அளவு நேரத்தை வீட்டில் உள்ள இன்னொருவருக்கும் அவர் விருப்பம்போல் செலவிடக் கொடுங்கள். இது பேசித் தீர்க்கக்கூடியது.

1896இல் யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்கு வந்த ரமணர், விருபாட்ச குகையில் பல ஆண்டுகள் இருந்தார். 1916இல் அவருடைய தாயார் அழகம்மாள் மகனோடு வந்து தங்கினார். அதன் பிறகு மலைமேல் கந்தாசிரமத்தில் அடுப்பு எரியத் தொடங்கியது. குடும்பத்தை முற்றாக விட்டு வந்தவரையும் குடும்பம் தேடி வந்து சோறு பொங்கிப் போட்டது.

துக்கத்தில் இருக்கிறேன், வாழவே பிடிக்கவில்லை. காட்டில் சில நாள் தனியாக இருந்தால் சரியாகுமா?

தயவுசெய்து இப்போது தனியாகப் போக வேண்டாம். இழப்பின் துயரத்தில் இருப்பவருக்கு, நம்பிக்கையான ஒருவரோடு சேர்ந்து கடற்கரையில் நடப்பது உதவக்கூடும். ஆனால் உறக்கமின்றி, உணவின்றி, உயிரை விடும் எண்ணத்தோடு இருப்பவரைத் தனிமை மேலும் உள்ளே இழுக்கும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையோ 104 என்ற அரசு உதவி எண்ணையோ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. சிகிச்சையில் இருப்பவர்கள் மருந்தை நிறுத்திவிட்டு மலைக்கு வருவதை எங்கள் குழு ஒருபோதும் ஏற்காது.

அனுமதி தேவையா? எவ்வளவு ஆபத்து இருக்கிறது?

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். பக்தி அதற்கு விலக்கு தராது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத் தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் சென்னையிலிருந்து சென்றவர்கள். கோடையில் காய்ந்த புல்லின் நடுவே கற்பூரமோ அகலோ ஏற்றுவதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அந்தச் செய்தி என் நினைவுக்கு வருகிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின்கீழ் 40 பாதைகள் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு திறக்கப்பட்டன. குடியம் குகைப் பாதை அவற்றில் ஒன்று. வெள்ளியங்கிரி போன்ற செங்குத்தான மலைகளில் பருவந்தோறும் மூச்சுத் திணறியும் மாரடைப்பாலும் சிலர் இறக்கிறார்கள் என்பதால், இதய நோயும் கட்டுப்படாத இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் ஏற வேண்டாம்.

நீரும் அப்படித்தான். பழவேற்காட்டில் 2011 டிசம்பரில் சுற்றுலா வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். யாராவது ஏற்றிச் செல்கிறேன் என்றாலும் ஏற வேண்டாம், கரையிலிருந்தே பூநாரைகள் தெரியும். மழைக்காலத்தில் பூண்டி ஏரியைத் திறந்தால் கொசஸ்தலையாற்றில் வெள்ளம் வரும் என்பதையும் செய்தியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாம்பு கடித்தால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் தீங்கு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108 அழைத்து, நச்சு முறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

என்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

தண்ணீர், தொப்பி, புளிசாதமோ இட்லியோ இரண்டு வேளைக்கு, வழக்கமாக உட்கொள்ளும் மாத்திரைகள், ஒரு துணிப்பை. காதற்ற ஊசியும் கடைவழிக்கு வராது என்று பட்டினத்தார் சொன்னாலும் செருப்பு அறுந்தால் தைக்க ஓர் ஊசி நூல் வைத்துக்கொள்வதில் தவறில்லை. கொண்டுபோனதில் எதையும், பழைய துணி உட்பட, அங்கே விட்டுவிட்டு வரக் கூடாது.

அங்கே வாழும் மக்களிடம் எப்படி நடந்துகொள்வது?

நாம் தனிமை என்று சொல்லும் இடம் இன்னொருவரின் பணியிடம். எண்ணூர் ஆற்றில் இடுப்பளவு நீரில் இறங்கி இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களும் ஆண்களும் நம் தியானத்துக்கான காட்சிப் பொருள் அல்லர். பழவேற்காட்டில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை விரிப்பது என்பதைப் "பாடு" என்னும் முறையால் தலைமுறைகளாக அங்குள்ள மீனவர்களே வகுத்துக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு வெற்று நீராகத் தெரிவதில் அவர்களுக்கு எல்லைகளும் முறைகளும் இருக்கின்றன. எங்கே அமரலாம் என்று அவர்களிடம் கேட்டுவிட்டு அமருங்கள். அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வயதில் மூத்தவர்களை அண்ணா, அக்கா, ஐயா என்று அழைத்துப் பேசுங்கள். "ஏம்பா" என்று கூப்பிடுவதை நம்மவர்கள் விட்டொழித்தாலே பாதி விரதம் நிறைவேறிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன நச்சு முறி மருந்துக்குத் தேவையான நஞ்சைப் பாம்புகளிடமிருந்து எடுத்துத் தருவதில் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. காட்டை அறிந்தவர்கள் யார், அதில் விருந்தாளிகள் யார் என்பதில் குழப்பம் வேண்டாம்.

திரும்பி வந்த இரண்டே நாளில் எல்லாம் கரைந்துபோகிறது. எப்படித் தக்கவைப்பது?

கரைவது இயல்பு. அதைத் தக்கவைக்க முயல்வதைவிட, போகும் முன் இருந்த நியமத்தில் ஒன்றை மட்டும் தொடர்வது பயன் தரும். மாலை கழற்றிய பிறகும் ஆண்டு முழுவதும் விடியற்காலையில் குளிர்ந்த நீரில் குளிப்பதை விடாத குருசாமிகள் நம் பகுதியில் இருக்கிறார்கள். அந்த ஒரு பழக்கத்தின் வழியாக மலை அவர்களோடு இருக்கிறது. நீங்கள் வாரத்தில் ஒரு வேளை பேசாமல் இருக்கலாம், பேருந்தில் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு வெளியே பார்க்கலாம், மாதந்தோறும் அதே கழிமுகத்துக்குப் போகலாம். புதுப் புது இடங்களைவிட ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதையே நான் பரிந்துரைக்கிறேன், ஏனெனில் இடம் மாறாமல் இருந்தால்தான் நம்மில் மாறியது எது என்று தெரியும்.

என் தாயாருக்கு முழங்கால் வலி, நடக்க முடியாது. அவரும் வர ஆசைப்படுகிறார்.

அவரைத் திருவொற்றியூருக்கு அழைத்துச் செல்லுங்கள். மெட்ரோவில் வந்தால் நிலையத்தில் மின்தூக்கி இருக்கிறது, அங்கிருந்து ஆட்டோவில் பட்டினத்தார் சமாதி வரை போய்விடலாம். சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்ட பிறகு மெரினாவில் மணல் சேர்ந்தது, நம் பக்கத்துக் கரையோ அரிக்கப்பட்டது. அதனால் அங்கே மணற்பரப்புக்குப் பதிலாகப் பாறைக் கற்களே கொட்டிக் கிடக்கின்றன. அவற்றின்மேல் ஏற வேண்டாம், சமாதி வளாகத்திலேயே கடற்காற்று வரும். காலை எட்டு மணிக்குள் போனால் வெயிலும் குறைவு, கன்டெய்னர் லாரிகளின் நெரிசலும் சற்றுக் குறைவு. மடக்கு நாற்காலி ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அவர் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும்.